அடிவானம் மறைந்த பின்

கண்களை இறுக மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க முயன்றவர்கள் அறிவார்கள். சில நொடிகளுக்குள் உடல் ஆடத் தொடங்கும். ஊன்றிய கால் தடுமாறும். பற்றிக்கொள்ள எதையாவது தேடிக் கை நீளும். கண் திறந்திருந்தவரை இந்தத் துன்பம் இல்லை. நேராக நிற்கிறோம் என்னும் செய்தியை நமக்கு இடைவிடாது சொல்லி வந்ததில் பெரும்பங்கு கண்களுடையது என்பது, அவற்றை மூடிய பிறகுதான் நமக்குப் புலனாகிறது. தரையில் இது சிறுவர் விளையாட்டு. ஐயாயிரம் அடி உயரத்தில், மேகத்தின் உள்ளே, இதுவே உயிருக்கும் சாவுக்கும் இடையேயான வேறுபாடாக ஆகிவிடுகிறது.

விமானம் ஓட்டக் கற்பவர் முதலில் கண்ணை நம்பியே கற்கிறார். வானும் மண்ணும் கூடுகின்ற அந்த நீண்ட கோடு, அடிவானம், அவருக்கு எழுதப்படாத பாடநூல். விமானத்தின் மூக்கு அக்கோட்டுக்கு மேலே ஏறினால் உயர்கிறோம். கீழே இறங்கினால் தாழ்கிறோம். கோடு சாய்ந்தால் திரும்புகிறோம். மேகம் சூழ்ந்ததும் அந்தக் கோடு அழிந்துபோகிறது. அப்போது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கலை ஒன்று தேவைப்படுகிறது. அக்கலையைக் கற்ற நாள்களை எண்ணிப் பார்க்கும்போது, நாங்கள் கற்றதில் பாதி விமானத்தைப் பற்றியது, மறுபாதி எங்களைப் பற்றியது என்றே தோன்றுகிறது.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றினுள் ஒருவகைத் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழாய் நகர்கிறது. திரவமோ சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாடு நுண்ணிய மயிரிழைகளை வளைக்க, 'திரும்புகிறோம்' என்று மூளை உணர்கிறது. நடப்பதற்கும் ஓடுவதற்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. ஆயின் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 20 நொடிகளில் திரவமும் குழாயின் வேகத்தை எட்டிவிடுகிறது. மயிரிழைகள் நிமிர்ந்துகொள்கின்றன. விமானம் இன்னும் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்க, உடலோ நேராகப் போகிறோம் என்று அறிவிக்கிறது. இனி விமானி சாய்வை நீக்கிச் சமநிலைக்குக் கொண்டுவந்தால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகச் செவி கூக்குரலிடுகிறது. மிக மெதுவாக ஏற்படும் சாய்வாயின், அது தொடங்கியதையே செவி அறிவதில்லை.

இவ்வுண்மையை விமானிகள் உலகுக்கு உரைத்தவர்களுள் முன்னோடி, அமெரிக்கப் படை விமானி வில்லியம் ஆக்கர். 1926-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உடற்பரிசோதனையின்போது, மருத்துவர் டேவிட் மையர்ஸ் அவரைச் சுழல்நாற்காலியில் அமர்த்தினார். கண்களை மூடச் செய்து மெல்லச் சுழற்றினார். எப்பக்கம் சுழல்கிறோம் என்னும் எளிய வினாவுக்கு, பல ஆண்டுகள் பறந்து தேர்ந்த அந்த விமானியால் சரியாக விடைகூற முடியவில்லை. வேகம் குறைந்தபோது எதிர்த்திசையில் சுழல்வதாகச் சொன்னார். நாற்காலி நின்றபின்னும் சுழல்வதாகவே சொன்னார். ஆக்கர் அதோடு விடவில்லை. திருப்பங்காட்டும் கருவியொன்றையும் சிறு விளக்கையும் ஒரு பெட்டிக்குள் பொருத்தி எடுத்துக்கொண்டு மீண்டும் வந்தார். பெட்டிக்குள் பார்த்தவாறே நாற்காலியில் அமர்ந்து, இம்முறை எல்லா வினாக்களுக்கும் சரியாக விடையளித்தார். அவரும் கார்ல் கிரேன் என்பவரும் சேர்ந்து 1932-இல் கருவிப் பறத்தலைப் பற்றிய முதற்பாடநூல்களுள் ஒன்றை வெளியிட்டனர்.

பயிற்சியில்லாதவர் மேகத்துக்குள் புகுந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேருக்கு, வெளியுலகம் தெரியாதபடி மறைத்துவிட்டு விமானத்தை ஓட்டக் கொடுத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடிகள். மூன்று நிமிடங்கள்கூட முழுதாக இல்லை. பத்தொன்பது பேர் ஒரேவகையான வீழ்ச்சியில் சிக்கினர். விமானிகள் அதனைச் 'சாவுச் சுழல்' என்பார்கள்.

அச்சுழல் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கருவிப் பறத்தல் கற்கும் ஒவ்வொருவரும் முதலில் அறிந்தாக வேண்டும். விமானம் உணரப்படாமலே ஒருபக்கம் சாய்கிறது. சாய்ந்ததால் உயரம் குறைகிறது. உயரம் குறைவதைக் கண்ட விமானி, தாம் நேராகப் போவதாக நம்புவதால், மூக்கை மேலே தூக்கும் நோக்கத்துடன் பிடியைத் தம் பக்கம் இழுக்கிறார். சாய்ந்திருக்கும் விமானத்தில் அவ்விழுப்பு திருப்பத்தை மேலும் இறுக்குகிறது. விமானம் இன்னும் வேகமாகக் கீழே போகிறது. அவர் இன்னும் பலமாக இழுக்கிறார். காப்பாற்றும் எண்ணத்தோடு செய்வதே கொல்கிறது. மீளும் வழியோ மூன்றே செயல்கள்: இயந்திரத்தின் விசையைக் குறை, சிறகுகளைச் சமன்செய், அதன் பின்பே மூக்கை உயர்த்து. இந்த வரிசை மாறக்கூடாது. அச்சத்தில் இருப்பவருக்கு இவ்வரிசையைக் காப்பதுதான் கடினம்.

1999 சூலை 16 அன்று இரவில், அமெரிக்காவின் மறைந்த குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி தாமே ஓட்டிச் சென்ற சிறுவிமானம் கடலில் வீழ்ந்தது. அவரும் அவருடைய மனைவியும் மனைவியின் சகோதரியும் மாண்டனர். மழையும் புயலும் அன்று இல்லை. மூடுபனிபோன்ற மங்கலும், நிலவொளி குன்றிய இரவும், விளக்கற்ற கடற்பரப்புமே இருந்தன. கருவிப் பறத்தலுக்கான தகுதியை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. நிலைதடுமாற்றத்தால் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிவு கூறிற்று. அடிவானம் மறைய மேகமே வேண்டும் என்பதில்லை.

எனினும் மனிதன் இத்தடையைத் தாண்டியதும் உண்மை. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் விமானி, இருக்கையைச் சுற்றிலும் மூடப்பட்ட நிலையில் புறப்பட்டு, வட்டமிட்டு, மீண்டும் தரையிறங்கினார். ஏறத்தாழ 15 நிமிடப் பயணம். முன்னிருக்கையில் பாதுகாப்புக்காக அமர்ந்திருந்த பெஞ்சமின் கெல்சி, தாம் எதையும் தொடவில்லை என்று கீழே நின்றோர் காணுமாறு கைகளை வெளியே வைத்திருந்தார். அன்றைய விமானத்தில் இருந்த மூன்று கருவிகள் புதியவை: ஸ்பெரியின் செயற்கை அடிவானம், திசைகாட்டும் சுழல்கருவி, கோல்ஸ்மனின் நுண்ணிய உயரமானி. அவற்றின் வழித்தோன்றல்களே இன்றும் விமானிகளுக்குத் துணை நிற்கின்றன.

நாங்கள் நால்வர் ஒரே காலத்தில் இப்பயிற்சி பெற்றோம். நெற்றியிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு மறைப்பை அணிவிப்பார்கள். அதன் வழியே கருவிப்பலகை மட்டுமே தெரியும். பலகையில் ஆறு வட்டங்கள்: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திருப்பங்காட்டி, திசைகாட்டி, ஏற்ற இறக்கம் காட்டும் மானி. பார்வை செயற்கை அடிவானத்திலிருந்து புறப்பட்டு மற்றொன்றுக்குச் சென்று, மீண்டும் அடிவானத்துக்கே திரும்பி, பிறகு வேறொன்றுக்குச் செல்லவேண்டும். ஒன்றையே உற்று நோக்கி நின்றுவிடுவது முதற்பிழை. ஒன்றை மறந்தே போவது இரண்டாம் பிழை. பிடித்தமான ஒன்றின்மேல் அளவுமீறிச் சாய்வது மூன்றாம் பிழை. நூலில் இவை மூன்று வரிகள். கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

எங்களுள் தெளிந்த வானில் மிகத் திறமையாகப் பறந்தவர்தாம் மறைப்பின்கீழ் மிகவும் துன்புற்றார். உடலின் சிறு அசைவிலிருந்தே விமானத்தின் போக்கை உணரும் வல்லமை அவருக்கு இருந்தது. அதுவே இங்கே பகையாயிற்று. ஒருநாள் நீண்ட இடத்திருப்பத்திலிருந்து சமநிலைக்கு வந்தபோது அவர் முகம் வெளிறியது. பின்னிருக்கையில் இருந்த நாங்கள் அவ்வுரையாடலைக் கேட்டோம்.

"சார், வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறோம்."

"அடிவானம் என்ன காட்டுகிறது, தம்பி?"

"சமமாக இருக்கிறது, சார்."

"திருப்பங்காட்டி?"

"நடுவில் நிற்கிறது."

"திசைகாட்டி?"

"அசையவில்லை, சார்."

"மூவரும் ஒன்றையே சொல்கிறார்கள். நீ ஒருவன் மட்டும் வேறு சொல்கிறாய். யாரை நம்பலாம்?"

அவர் விடைகூறவில்லை. உடல் இடப்பக்கம் ஒடுங்கிச் சாய்ந்திருந்தது. கைகள் மட்டும் பிடியை நேராகவே வைத்திருந்தன. நெற்றியில் வேர்வை அரும்பியது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவ்வாறே சென்றது. கருவிகளின் அளவுகளை ஒவ்வொன்றாக அவர் உரக்கச் சொல்லத் தொடங்கினார். குரல் நடுங்கியது, விமானம் நடுங்கவில்லை. தரையிறங்கிய பின் ஆசிரியர் சொன்னார்: "உணர்வு போய்விடும் என்று காத்திருக்காதே, தம்பி. அது இருந்துகொண்டே இருக்கும். அது இருக்கும்போதே சரியானதைச் செய்யப் பழகு."

'கருவியை நம்பு' என்று இதனைச் சுருக்கிச் சொல்பவர் உண்டு. அது பாதி உண்மையே. மறுபாதியை நம் நாடே பெருவிலை கொடுத்துக் கற்றது. 1978 சனவரி 1 அன்று இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'பேரரசர் அசோகர்' என்னும் போயிங் 747 விமானம், புறப்பட்ட இரண்டு நிமிடங்களுக்குள் பாந்திராவுக்கு அப்பால் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தனர். தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கை அடிவானம் பழுதுற்று, விமானம் சமநிலையில் இருக்கும்போதே வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டிற்று என்றும், அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே சென்றார் என்றும், மற்றக் கருவிகளைக் கொண்டு நிலைமையை மீட்கவில்லை என்றும் இந்தியாவில் நடந்த விசாரணை கண்டது. வெளியே இருண்ட கடல், அடிவானம் இல்லை. சரியாக இயங்கிய கருவிகள் அதே அறையில் இருந்தன.

எனவேதான் சிறுவிமானங்களில் எல்லாக் கருவிகளையும் ஒரே ஆற்றலால் இயக்குவதில்லை. பழைய அமைப்பில் செயற்கை அடிவானம் காற்றிழுப்பானால் சுழலும். திருப்பங்காட்டி மின்சாரத்தால் சுழலும். ஒன்று செத்தாலும் மற்றொன்று சாட்சி சொல்லும். அடிவானம் சாய்வைக் காட்டும்போது திருப்பங்காட்டியும் திசைகாட்டியும் அசையாதிருந்தால், ஐயம் அடிவானத்தின் மீதே விழவேண்டும். நம்பிக்கை என்பது இங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பு.

நல்ல கருவியும் தானாக நேர்மையாய் இராது. திசைகாட்டும் சுழல்கருவி சிறுகச் சிறுக விலகும்; ஆதலால் ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். அதையும் நேராக, சீரான வேகத்தில் பறக்கும்போதே செய்யவேண்டும். திரும்பும்போது காந்தமும் பொய்யுரைக்கும். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. கீழேயுள்ள நிலையம் அறிவிக்கும் அழுத்தத்தை அதில் பொருத்தாவிட்டால், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 27 அடி பிழை வரும். அழுத்தம் 10 அலகு குறைந்த ஊருக்குப் பழைய அளவோடு சென்றால், காட்டும் உயரத்தைவிட ஏறத்தாழ 270 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்போம்.

இந்த எண்ணிக்கையின் பொருள் தரையிறங்கும்போது விளங்கும். வானொலி அலைகள் காட்டும் பாதையில், வழக்கமாக 3 பாகைச் சரிவில், விமானம் இறங்கிவருகிறது. அதன் முதல்வகை அணுகுமுறையில் 200 அடி என்பது பொதுவான முடிவெடுக்கும் உயரம். அவ்வுயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியவேண்டும்; தெரியாவிடில் மேலே எழும்பிவிடவேண்டும். இன்னும் சற்று இறங்கினால் தெரிந்துவிடும் என்னும் ஆசைக்கு அங்கே இடமில்லை. நாங்கள் கற்றவற்றுள் கைகளுக்கு எளிதானதும் மனத்துக்கு அரிதானதும் இதுவே. இல்லினாய்ஸ் ஆய்வாளர்கள் அந்த இருபது பேருக்கும் பின்னர்க் கற்பித்தது என்ன தெரியுமா? மேகத்துக்குள் புகுந்துவிட்டால், அமைதியாக 180 பாகை திரும்பி வந்தவழியே வெளியேறுவது. அதனைக் கற்றபின் ஏறத்தாழ எல்லா முயற்சிகளிலும் அவர்கள் பிழைத்தார்கள்.

கற்றதும் நிலைத்து நிற்பதில்லை. கருவிப் பறத்தலில் தகுதி பெற்றவர், ஆறு மாதங்களுக்குள் ஆறுமுறையாவது கருவிவழி அணுகுதலைச் செய்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. பழக்கம் விட்டுப்போனால் பழைய செவியே மீண்டும் அரசாளத் தொடங்கும்.

2018-இல் போகியன்று மூண்ட புகைமூட்டத்தால், சென்னையில் இறங்கவேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பொங்கலுக்கு வீடு திரும்பியோர் எவ்வளவு சலித்திருப்பார்கள்! நாமும் அத்தகைய பயணத்தில் இருக்க நேரலாம். ஓடுபாதை அருகில் வந்துவிட்டது என்று எண்ணும் வேளையில் இயந்திரம் முழங்க, விமானம் மீண்டும் மேலெழலாம். அப்போது முன்னறையில் இருவர், கருவிகள் சொன்னதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகப் பாவிக்க மறுத்திருக்கிறார்கள் என்று நாம் அறிந்துகொள்ளலாம். தாமதமாக வீடு சேர்வோம். நம்மை எதிர்நோக்கி இருப்போர் சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புக்காக அவ்விருவருக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.