காய்ந்த கேன் சுத்தமான கேனா?

பால் கேன் கழுவுவதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? விஞ்ஞானமும் இருக்கிறது, கூடவே காசும் இருக்கிறது!

சேவுகம்பட்டி பக்கம் மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிறார்கள். பல வீட்டுப் பாலும் ஒரே 40 லிட்டர் கேனில் சேர்ந்து குளிரூட்டும் நிலையத்துக்குப் போகிறது. அங்கே கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்க்கும்போது திரிந்துவிட்டால் மொத்தக் கேனும் போச்சு. "கேனை நல்லாத்தானே கழுவி வெயில்ல கவுத்து வச்சோம்" என்பார்கள். அது பொய்யில்லை. கழுவியதும் உண்மை, காய்ந்ததும் உண்மை. பின்னே ஏன் திரிந்தது?

பால் திரிய வெயில், தாமதம் என்று பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று கேனின் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது. பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதைவிட, ஏதாவது ஒரு பரப்பில் கூட்டமாக ஒட்டிக்கொள்வதையே விரும்புகின்றன. ஒட்டியதும் பசை போன்ற ஒன்றைச் சுரந்து தங்களைச் சுற்றிப் போர்த்திக்கொள்கின்றன. இதற்குப் பெயர் பயோஃபிலிம், அதாவது நுண்ணுயிர்ப் படலம். நாலு நாள் தேய்க்காத தண்ணீர்க் குடத்துக்குள் கைவிட்டால் வழவழவென்று இருக்குமே, அதேதான். கேனில் வாய் விளிம்பும் மூடியின் ரப்பர் வளையமும் இதற்கு ரொம்பப் பிடித்த இடங்கள்.

இந்தப் போர்வையின் பலம் இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1684-லேயே லீவன்ஹூக் தன் பல்லில் படிந்த அழுக்கை வைத்து இதைப் பார்த்துவிட்டார். வினிகர் வெளியே இருந்த உயிர்களைத்தான் கொன்றது, படிவின் உள்ளே போகவில்லை. குளோரினும் அப்படித்தான். மேல் அடுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது, அடியில் இருப்பவை தப்பிக்கின்றன.

சரி, காயவைத்தால்? சிட்னியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவை முழுமையாகச் சுத்தம் செய்த பிறகு, அங்கிருந்த பொருட்களை வெட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். காய்ந்த பரப்புகளிலும் படலம் இருந்தது, அதற்குள் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உயிரோடு இருந்தன. 2012-ல் வெளிவந்த ஆய்வு இது.

அப்படியானால் அளந்து பார்த்துவிடலாமே? சிக்கலே அங்கேதான்.

பாலுக்கு மெத்திலீன் ப்ளூ சோதனை இருக்கிறது. 10 மி.லி. பாலில் 1 மி.லி. நீலச் சாயம் விட்டு 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். கிருமி அதிகமென்றால் நீலம் சீக்கிரம் வெளுக்கும். 5 மணி நேரம் தாண்டினால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். ஆனால் இது அளப்பது பாலை, கேனின் சுவரை அல்ல.

சுவரை அளக்க, கிருமியில்லாத நீரால் கேனை அலசி, அந்த நீரை வளர்ப்புத் தட்டில் விட்டு எண்ணலாம். அலசலில் தளர்ந்து வருவதுதான் கணக்கில் வரும், இறுக ஒட்டியது வராது. பஞ்சால் துடைத்து எடுத்தாலும் பாதி கதைதான். கிரிஸ்டல் வயலெட் சாயம் படலம் எவ்வளவு என்று காட்டும், ஆனால் செத்ததற்கும் உயிருள்ளதற்கும் சேர்த்தே நிறம் ஏறும். மின்மினிப்பூச்சியின் ஒளிக்குக் காரணமான நொதியை வைத்து ஏடிபி அளக்கும் கருவி சில நொடிகளில் பதில் தரும், ஆனால் ஒட்டியிருக்கும் பாலில் உள்ள ஏடிபியையும் சேர்த்தே எண்ணிவிடும். இதெல்லாம் போக, அடிபட்ட சில பாக்டீரியாக்கள் உயிரோடு இருந்தும் தட்டில் வளராமல் அடங்கிக் கிடக்கும்.

அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இது பழகிய கதை. ஒரு நடவடிக்கையை ஏட்டில் பதியவே இல்லை என்றால் இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். விடுபிழை அதில் தெரியாது. தட்டில் "பூஜ்யம்" என்று வருவதும் சில நேரம் அப்படித்தான். கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் இந்தப் படலத்தோடு பெரிய அளவில் மல்லுக்கட்டுவது கல்பாக்கம். அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கும் கடல்நீரில் குளோரின் கலக்கிறார்கள். அங்குள்ள விஞ்ஞானிகள் நீரை மட்டும் சோதிப்பதில்லை. சின்னச் சின்ன உலோகத் தகடுகளை நீரில் தொங்கவிட்டு, பிறகு எடுத்து, அதில் ஒட்டியதைச் சுரண்டி எண்ணுகிறார்கள். அதாவது பரப்பையே விசாரிக்கிறார்கள்.

சொசைட்டியில் அவ்வளவு வசதி கிடையாது. ஆனால் அந்தப் பாடத்துக்குச் செலவு குறைவு. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துப் படலத்தை உடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து. ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் ஊற்றும் ப்ளீச்சிங் பவுடர் பாதி வீண்செலவு.

வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா, 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். எந்தக் கந்துவட்டிக்காரரும் இவ்வளவு வேகமாக வட்டி போட்டதில்லை! அசலே கேனில் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.