சக்கரத்திற்குப் புதுவண்ணம்

1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டத் தொடங்கிய காலமுதல், மோட்டாரும் பட்டறையும் கோவையில் இல்லத்துப் பேச்சாகிவிட்டன. ஆதலின், எமது மாருதி 800 வண்டியின் சக்கரங்களுக்கு வீட்டு முற்றத்திலேயே வண்ணம் பூசப் புகுந்தது வியப்பன்று. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியின்பால் எந்தையார் கொண்ட பற்று அளவிறந்தது. பட்டறையில் கேட்ட கூலியோ எமக்கு எட்டுவதாயில்லை.

‘டிஸ்க்’ என்று பட்டறையார் வழங்கும் எஃகு வட்டுகள், ஸ்டெப்னியோடு ஐந்து. அவற்றுள் ஒன்று பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. வெள்ளிப் பூச்சு பளபளக்க வந்தது. வண்டியைப் பருமரக் கட்டைகளின்மேல் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பலாகாது, செங்கல்லையோ ஒருபோதும் நம்பலாகாது), ஐந்தையும் கழற்றிப் பஞ்சர்க் கடையில் டயர்களை நீக்குவித்தோம். பெயிண்ட் ரிமூவரைத் தடவிச் சற்றுநேரம் விட்டால் பழம்பூச்சு கொப்புளித்தெழும். அதனைத் தகட்டால் வழித்து, எஞ்சிய துருவைக் கம்பித் தூரிகையாலும் 80-ஆம் எண் எமரித் தாளாலும் தேய்த்தல் வேண்டும். கையுறையும் திறந்த வெளியும் இன்றி இவ்வேலை ஆகாது. செலவு குறையுமென்று காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுவாரும் உளர். எஃகு அதனைத் தாங்கும்; அலுமினியத்தாலான அலாய் சக்கரத்தையோ அஃது அரித்துத் தின்றுவிடும்.

கை சோர்ந்து யான் நின்றபோதெல்லாம், “கொம்பு சீவாம வர்ணம் பூசுனா நிக்குமா, கண்ணு?” என்பார் எந்தையார். மாட்டுப் பொங்கல் கண்டவர்க்கு இதற்கு விடையில்லை.

அவர் பீளமேட்டில் பம்பு வார்ப்படச் சாலையொன்றில் முப்பதாண்டு உழைத்தவர். பூச்சு நீங்கிய வட்டுகளை ஒவ்வொன்றாய்க் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டிச் செவிசாய்த்தார். நான்கு மணிபோல் ஒலித்தன. கடையில் வாங்கியது மட்டும் உடைந்த சட்டிபோல் மந்தமாய் ஒலித்தது. உடனே அதன்மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் படரத் தூவினார். சிறிது நேரத்தில் அவ்வெண்மையின் நடுவே, போல்ட் துளையொன்றிலிருந்து மற்றொன்றை நோக்கி மயிரிழைபோல் ஓர் ஈரக்கோடு எழுந்தது. வெடிப்பினுள் ஒளிந்த எண்ணெய் கசிந்து தூளை நனைத்தலே அதன் காரணம். இரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட சோதனை இது.

அவ்வட்டு முன்சக்கரத்தில் இருந்தது. அடுத்த வாரம் யாம் ஐவரும், 40 கொண்டையூசி வளைவுகள் கொண்ட வால்பாறை மலைப்பாதையில் ஏறுவதாயிருந்தோம். அன்னையார் அக்கோட்டினை நெடுநேரம் நோக்கிவிட்டு ஒன்றுங் கூறாது உள்ளே சென்றார்.

விற்றவர் அதனைத் திரும்பப் பெற மறுத்தார். பற்றவைத்துத் தருவதாக ஒருவர் முன்வந்தார். துளையருகே வெடித்த வட்டினைப் பற்றவைத்து ஓட்ட எந்தையார் இசையவில்லை. வேறெவரும் வண்ணம் பூசி விற்காவண்ணம் அதனை இருகூறாய் அறுத்தே பழைய இரும்புக்குப் போட்டார்.

நிற்க. எஞ்சிய நான்கினையும் தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பூசி, உலர்ந்தபின் 400-ஆம் எண் தாளால் நீர் தொட்டு இழைத்து, வெள்ளி வண்ணத்தை மெல்லிய மூன்று படலங்களாய்த் தெளித்தோம். ஹப்பின்மேல் அமரும் முகத்திலும் நட்டு அமரும் குழிகளிலும் பூச்சுப் படாமல் காகிதம் ஒட்டினோம். அங்கே தடித்த வண்ணம் நாளடைவில் நசுங்க, நட்டுகள் தளரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புழுதி வாரிவரும் ஆடிக்காற்று இதற்குப் பகை. மழைநாளின் ஈரமோ பூச்சினை வெளுக்கச் செய்யும். எமக்கு வாய்த்தது மாசிமாத முற்பகல். ஆன செலவு ரூ. 1,640.

எண்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுமுறை முறுக்கினோம். வால்பாறைப் பயணம் மட்டும் தள்ளிப்போயிற்று. ஐந்தாவது வட்டு புதிதாய் வரும்வரை, ஸ்டெப்னியின்றி மலையேற எந்தையார் ஒப்பவில்லை.