ஹவ்காங்கில் கஞ்சி

சிங்கப்பூர் போய்வந்த எங்கள் ஊர்க் கொட்டாரத்துக்காரர்கள் யாரும் ஹவ்காங் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. தேக்கா சந்தை, முஸ்தபா கடை, வீரமாகாளியம்மன் கோயில், அதோடு சிராங்கூன் சாலை அவர்களுக்கு முடிந்துபோகும். அதே சாலையில் பஸ் ஏறி வடகிழக்கே போய்க்கொண்டே இருந்தால் அது அப்பர் சிராங்கூன் ரோடாகி, தியோச்சு சீனர்களின் பழைய வட்டாரமான ஹவ்காங்கில் கொண்டுபோய் விடும். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அந்தப் பக்கத்தில்தான் வாடகைக்கு இருக்கிறான். “மாமா, சீனச் சாப்பாடு திங்கணும்னா இங்க வாங்க. டவுன்ல உள்ளது எல்லாம் டூரிஸ்டுக்கு உள்ளதாக்கும்” என்றான்.

எனக்குத் தெரிந்த சீனச் சாப்பாடு நாகர்கோவிலில் சாயங்காலம் தள்ளுவண்டியில் கிடைப்பது. சிவப்புப் பொடி போட்டுப் பொரித்த காலிஃபிளவர், சோயா சாஸில் கறுத்த நூடுல்ஸ், கரண்டியால் சட்டியை அடிக்கும் சத்தம். அந்த மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் அடுக்களையில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை வதக்கி, மசாலாப் பொடிக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றிக் கோழியைப் புரட்டியதில் பிறந்தது அது. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நம் ஊர்ச் சாப்பாடு. சீனப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹவ்காங் கடை ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தது. பெயர்ப்பலகையைச் சீனத்தில் மட்டும் எழுதியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத்தட்டாகக் கறிகள். பட்டியல் எதுவும் கிடையாது, விரலால் காட்ட வேண்டியதுதான். காட்டியதைக் கரண்டியால் எடுத்துச் சின்னத் தட்டில் வைக்கும் மூதாட்டியை எல்லோரும் ‘ஆன்ட்டி’ என்றார்கள். ஒரு தட்டை நான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும் அக்கா மகன் காதோரம் வந்து, “அது பன்னிக் கொடலு மாமா” என்றான். உப்பிலிட்ட கடுகுக்கீரை, உப்பு முள்ளங்கியைப் பொடியாக நறுக்கிப் போட்ட முட்டைப் பொரியல், சோயாவில் வேகவைத்த டோஃபு, உப்பு முட்டை, வறுத்த நிலக்கடலையோடு நெத்திலி, அவித்த மீன் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிறகு கஞ்சி வந்தது.

கஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சீனக் கஞ்சி என்றாலே அரிசி கரைந்து கூழாகும்வரை கொதிக்கவிடுவது என்றுதான் படித்திருந்தேன். அது கான்டனியர்களின் வழக்கம். தியோச்சுக்காரர்கள் பருக்கை வாய் பிளந்ததும் தீயை நிறுத்திவிடுகிறார்கள். மேலே தெளிந்த கஞ்சித்தண்ணீர், அடியில் முழுப் பருக்கை. எங்கள் வீட்டில் கட்டிச்சம்பா அரிசியில் வைப்பதும் இந்தக் கணக்கில்தான். நிறம் மட்டும் வேறு, அங்கே பச்சரிசி வெள்ளை. ஒரு வாய் கஞ்சி, கீரையில் ஒரு கிள்ளு, மறுபடி ஒரு வாய். கறிகளில் உப்பு ஏன் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது இரண்டாம் வாயிலேயே புரிந்துவிட்டது. கஞ்சியில் உப்பே கிடையாது. கறியைத் தனியாகத் தின்றுபார்த்து ‘ஒரே கரிப்பு’ என்று எழுந்துபோகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கஞ்சிக்கு உப்பு மாங்காய் தொட்டுக்கொண்டு வளர்ந்தவனுக்கு அந்தக் குழப்பம் வராது.

தியோச்சுக்காரர்களின் பூர்வீகம் தென்சீனத்தில் குவாங்தோங் மாகாணத்தின் கிழக்கு மூலை. வயலும் கடலும் சேர்ந்த இடம். சிங்கப்பூர்ச் சீனர்களில் ஹொக்கியன்களுக்கு அடுத்த பெரிய கூட்டம் இவர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து மிளகுத் தோட்டமும் காம்பியர் தோட்டமும் போட்டார்கள், மீன் பிடித்தார்கள். அப்பர் சிராங்கூன் ரோடு முடிகிற ஆற்றோரத்தில் காங்கார் என்றொரு மீனவக் கிராமமும் மீன் சந்தையும் இருந்தன, இப்போது இல்லை. சாலையோரத்தில் 1901-ல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. கத்தோலிக்கத் தியோச்சுக்காரர்களின் கோயில். கடற்கரையில் மாதா கோயிலைப் பார்த்தே வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரனுக்கு மீனவர்களும் மாதாவும் சேர்ந்திருப்பதில் புதுமை என்ன இருக்கிறது? சீன எழுத்தில் ஜெபம் எழுதியிருந்ததைத்தான் நின்று பார்த்தேன்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடித்த மீனை உப்புத்தண்ணீரில் அவித்து, ஆறவைத்து, குளிர்ந்தபடியே புளித்த சோயாப் பயற்று விழுதில் தொட்டுத் தின்பது அவர்கள் வழக்கம். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. மீன் கொஞ்சம் பழசானாலும் மறைக்க இடமில்லாத சமையல். அன்று அயிலை இருந்தது. சின்னமுட்டத்திலிருந்து காலையில் வரும் அயிலையை நாங்கள் தேங்காய் அரைத்த குழம்பில் முக்கி, மறுநாள்வரை வைத்துத் தின்போம். முதல் துண்டுக்கு என் நாக்கு எதையோ தேடியது. காரத்தைத் தேடுகிறது என்று நினைத்தேன். பச்சைமிளகாய் நறுக்கிப்போட்ட சோயா கேட்டால் தருகிறார்கள், வாங்கிப் பார்த்தேன். அதுவும் இல்லை. தேங்காய்தான். தீயல், அவியல், துவரன், மீன்கறி என்று எங்கள் இலையில் தேங்காய் விழாத கறி அபூர்வம். இங்கே மேசை நிறையக் கறி இருந்தும் ஒரு கீற்றுத் தேங்காய் கிடையாது. சீனச் சாப்பாட்டில் எனக்கு அந்நியமாகப் பட்டது அது ஒன்றுதான்.

பக்கத்து மேசையில் கஞ்சியில் சீனிக்கிழங்குத் துண்டு மிதந்தது. அரிசி போதாத வீட்டில் கிழங்கைச் சேர்ப்பது பழைய உபாயம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின் ஊரே மரச்சீனியும் சீனிக்கிழங்கும் தின்றது. மறுமாதம் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கும் மரச்சீனியே கதியாயிற்று. கொட்டாரம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. வயல் சூழ்ந்த நாஞ்சில் நாட்டிலேயே அப்போது கிழங்கு தின்ற கதையைப் பாட்டி சலிக்காமல் சொல்வாள். இன்று சிங்கப்பூரில் காரில் வந்து இறங்கிக் குடும்பமாகக் கஞ்சி குடிக்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வரிசை நிற்கிறது. எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் கஞ்சி ஊற்றினால் அடுத்த கல்யாணத்தில் அதுதான் பேச்சு. காய்ச்சல்காரனுக்கு மட்டும் அனுமதி. இதில் அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்றே நினைக்கிறேன்.

ஆன்ட்டி மேசை துடைக்க வந்தபோது, எங்கள் ஊரிலும் கஞ்சி உண்டு என்று அக்கா மகன் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னான். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டாள். பயறு, தேங்காய்த் துவையல், சுட்ட கருவாடு. தேங்காய் என்றதும் துணி நின்றது. கஞ்சிக்குத் தேங்காய் என்றால் இனிப்பா என்றாள். அந்த ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றிய இனிப்புக் கஞ்சி, புபுர் சாசா, எல்லோருக்கும் தெரியும். இனிப்பில்லை, வத்தலும் புளியும் உப்பும் வைத்து அரைப்பது என்று விளக்கியதும் அவள் சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்குத் தியோச்சுவில் செய்தி சொன்னாள். அங்கிருந்த பெரியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், கருவாடு என்ன மீனில் என்று விசாரித்தார். நெத்திலிக்கு மலாய்ப் பெயர் சுலபம், இக்கான் பிலிஸ். தலையாட்டினார். சாளைக்குப் பெயர் தெரியாமல் அக்கா மகன் கைபேசியில் படம் தேடிக் காட்டினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, முள் அதிகம், ருசி இல்லை என்று கையை ஆட்டினார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.