பொங்காலை முடிந்த சாலையில்

திருவனந்தபுரத்து மணக்காட்டிலிருந்து ஆற்றுகால் கோயிலுக்கு மற்ற நாளில் இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். 2025 மார்ச் 13 அன்று, பொங்காலை நாளில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாலையின் இரு ஓரத்திலும், நடுவிலும்கூட அடுப்புகள். மூன்று செங்கல், அதன்மேல் மண்பானை, பக்கத்தில் கொதும்பும் விறகும் அடுக்கி வைத்துக் காத்திருக்கும் பெண்கள். பானை விலை கேட்டேன். சின்னது 80 ரூபாய், பெரியது 150. விற்றவர் பேசியது நாகர்கோவில் தமிழ். ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகவே கும்பிடுகிறார்கள். பாண்டியன் மாளும் கட்டத்தைப் பாடி முடித்த பிறகுதான் அடுப்பில் தீ வைப்பது வழக்கம். குமரி மாவட்டத்திலிருந்து ரயில் ரயிலாகப் பெண்கள் வருவதில் வியப்பில்லை. 2009-ல் 25 லட்சம் பேர் கூடியதாகக் கின்னஸ் பதிவு உண்டு.

இத்தனை பேர் ஒரே நாளில் சமைத்து, சாப்பிட்டு, எழுந்து போனபின் சாலை என்ன ஆகிறது என்று பார்க்கவே போயிருந்தேன். மார்ச் 30-ல் கேரளத்தைக் குப்பையில்லா மாநிலமாக அறிவிக்கப் போகிறார்கள் என்று வழியெங்கும் தட்டிகள். பொங்காலையும் பிளாஸ்டிக் இல்லாமல்தான் நடக்கும் என்றார்கள். முதல் திருப்பத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஸ்டீல் டம்ளர்கள் இருந்தன. நாட்டு நலப்பணித் திட்டப் பட்டை அணிந்த கல்லூரி மாணவர்கள் இருவர் அண்டாவில் முக்கி முக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நாலு கடை தள்ளி, அன்னதானத்தில் பளபளவென்று மெழுகிய காகிதத் தட்டு. ஒரு மாணவி போய்ப் பேசினாள். “சேட்டா, பாத்திரம் நாங்க தர்றோம், கழுவியும் தர்றோம்” என்று மலையாளத்தில் கெஞ்சினாள். அவர் டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார். தட்டு மாறவில்லை.

பத்தேகாலுக்குக் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டினார்கள். தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. அப்புறம் புகைதான், கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒன்றேகாலுக்கு நைவேத்தியம். தீர்த்தம் தெளித்ததும் பானையைத் துணியில் கட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அரை மணி நேரத்தில் சாலையில் மிஞ்சியது சாம்பல், இலை, செங்கல்.

இந்த ஊருக்குக் குப்பை புதிய கவலை அல்ல. நகரத்துக் கழிவையெல்லாம் தாங்கிய விளப்பில்சாலை ஆலையை, ஊர்மக்கள் போராடி 2011 டிசம்பரில் மூட வைத்தார்கள். கொண்டுபோய்க் கொட்ட வேறு இடமில்லை. வீட்டிலேயே உரமாக்கு, மக்காததைத் தனியே பிரித்துக் கொடு என்று நகரம் மாற வேண்டியதாயிற்று. சாலையில் கையுறை போட்டு நின்ற மாணவர்கள் அப்போது எழுத்துப் பழகிக்கொண்டிருந்திருப்பார்கள். பிரிப்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே இருக்கிறது.

காலையில் தட்டுக்காகக் கெஞ்சிய மாணவியின் பின்னாலேயே போனேன். செங்கல்மேல் தண்ணீர் தெளித்து, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, ஆறியதை மட்டும் எடுத்து ஓரமாக அடுக்கினாள். மாநகராட்சி இவற்றைச் சேகரித்து ஏழைகள் வீடு கட்டக் கொடுக்கிறது. ஒரு சாம்பல் குவியலைக் குச்சியால் கிளறியபோது, உருகிச் சுருண்ட பால் கவர் ஒன்று இழுபட்டு வந்தது. சாக்கில் போட்டாள். மார்த்தாண்டத்து அம்மா ஒருவர் எண்ணெய்ப் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு நகரப் போனார். “அம்மா, அத எங்கிட்ட தாங்க” என்று கை நீட்டினாள். பாறசாலைக்காரியாம், தமிழ் வருகிறது. “செரி மக்களே, இந்தா” என்று அவர் பையைத் துழாவி இன்னும் இரண்டைக் கொடுத்தார்.

பிள்ளைகள் கிரேஸ் மார்க்குக்காக வருகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், மதிப்பெண்ணும் உண்டு, உண்மைதான். ஆனால் நான்கு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முடிந்தது. அதன்பிறகும் பாதிப்பேருக்குமேல் டிப்பரில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஆறரைக்குத் தண்ணீர் லாரி வந்து போனது. தார் கறுப்பாகத் தெரிந்தது. காலையில் கால் வைக்க இடமில்லாத அதே சாலை அது. சுற்றுச்சூழல் பற்றி ஆண்டு முழுக்கக் கெட்ட செய்தியே கேட்கும் வயதில், ஒரே நாளில் முடித்துக் கண்ணால் பார்க்கக்கூடிய வேலை ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனை கருத்தரங்கு வைத்தாலும் இந்தத் தெம்பு வராது என்று எனக்குத் தோன்றியது.

அந்த மாணவியும் தோழிகளும் தம்பானூருக்கு நடந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும். தகரப்பறம்பில் ஆமையிழஞ்சான் கால்வாயைத் தாண்டும்போது நின்றோம். 2024 ஜூலையில், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் இதன் சுரங்கப் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். 46 மணி நேரம் கழித்து உடல் இந்தப் பக்கம்தான் மிதந்தது. நாங்கள் நின்றபோதும் தண்ணீர் கறுப்பு. பாட்டில்களும் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஓரத்தில் தேங்கிக் கிடந்தன.

“இதுக்கு ஒரு நாள் போதாது சேச்சி” என்றாள் அவள். “மேலே கடைகள்ல போடறத நிறுத்தணும். எந்தக் கடையில எவ்வளவு குப்பை வெளிய வருதுன்னு ஞாயிற்றுக்கிழமை எழுதப் போறோம்.” நோட்டுப் புத்தகம் ஏற்கனவே வாங்கியாயிற்று, தோழியின் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் கடைகளின் பெயர்களை மலையாளத்தில் வரிசையாக எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.