நண்டுக்கு இரண்டு வாசல்

காட்டுப்பள்ளியை ஊர் என்பதைவிட நீண்ட மணல்மேடு என்றால் பொருந்தும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்குக் கழி வெறும் சேறு. நண்டைக் கடல் உணவு என்று சொல்லிப் பழகியதால் வந்த பிழை இது. சந்தையில் நல்ல விலைக்குப் போகும் பச்சை நண்டு கழிச்சேற்றில் வளை தோண்டி வளர்வது. சினைப்பட்ட பெட்டை முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய், லட்சக்கணக்கான முட்டைகளை அங்கே பொரிக்கிறது. சில வாரம் அலையில் மிதந்த குஞ்சுகள், தாய் போன வழியாகவே கழிக்குத் திரும்புகின்றன. அந்த வாசல் தூர்ந்தால் வம்சம் அதோடு நின்றது. இங்கே நண்டுத் தொழிலைக் காப்பாற்ற நினைக்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது முகத்துவாரத்தை என்பதே என் வாதம்.

இந்தச் சேற்றைக் கையால் படித்தவர்கள் இருளர்கள். இறாலைத் தண்ணீருக்குள் தடவியே பிடிப்பார்கள். நண்டுக்கு நுனி வளைந்த கம்பி ஒன்று கூடுதல், அவ்வளவுதான் முதலீடு. நீர் வற்றும் நேரத்தில் இறங்கி, வளைவாயில் புதுச்சேறு தெரிகிறதா என்று பார்த்துத்தான் கம்பியை விடுவது. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் கொடுக்கு கழன்றுவிடும், விலையும் போய்விடும். வெளியே வந்ததை முதுகுப்பக்கம் அழுத்திப் பிடித்து, இரண்டு கொடுக்கையும் மடக்கி, குறுக்காகக் கயிறு ஓட்டி முடிச்சிட வேண்டும். வியாபாரி அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்குவார். அமுங்கினால் தண்ணி நண்டு, அதாவது ஓடு மாற்றி இன்னும் சதை பிடிக்காதது. அது கழிவு. தேறியது ஈரச்சாக்கில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். சிங்கப்பூர் வரை விமானத்தில் போகும். வலையில் விழும் நீலக்கால் நண்டுக்கும் முக்கண் நண்டுக்கும் அந்த ஆயுள் இல்லை. கால் காலாகச் சிக்கெடுத்து ஐஸில் போட்டாக வேண்டும். பச்சை நண்டில் பணம் பெருகுவதெல்லாம் அந்த முடிச்சுக்குப் பிறகு. முடிச்சுக்கு முந்தைய சேற்றுக்கும் நீரோட்டத்துக்கும் யாரும் விலை கொடுக்காததால், எந்தக் கணக்கிலும் அவை ஏறுவதில்லை.

ஏறாததன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2010இல் இதே கரையில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது; அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாறியது. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழிக்குள் புகுந்தது. முதல் விபத்து வாசலுக்கு வெளியே, இரண்டாவது வீட்டுக்கு உள்ளே. நண்டு எந்தப் பக்கம் ஓடும்?

நண்டு குறைந்ததற்கு, மீனவர்களே சினை நண்டையும் குஞ்சையும் அள்ளித் தீர்த்தார்கள் என்று ஒரு பதில் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சினை நண்டைத் திருப்பி விடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆனால் பழவேற்காட்டில் முறை வைத்து இடம் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ பல தலைமுறைப் பழசு. (அந்த ஏற்பாட்டில் இருளருக்குப் பங்கில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.) அதிகம் பிடித்ததால் குறைந்த நண்டு, பிடிப்பதைக் குறைத்தால் மீளும், சாம்பல் மூடிய சேறு அப்படி மீளாது. சீர்காழி அருகே தொடுவாயில் நண்டுக்குஞ்சு பொரிப்பகம் இருக்கிறதே, வளர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் குஞ்சு குளம் உள்ளவருக்குப் போகும், கம்பி மட்டும் உள்ளவருக்கு அல்ல. துறைமுகம் வேலை தருமே என்பது மூன்றாவது. இடம்பெயர்ந்த குப்பத்தார் நிரந்தர வேலை கேட்டுப் போராடிய கதையே அதற்குப் போதும். எழுதப்படிக்கத் தெரியாத, இறால் தடவும் பெண்ணுக்கு அங்கே எந்த நாற்காலி காலியாக இருக்கிறது?

இதற்கிடையே 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22, 2023 செப்டம்பர் 5 என இருமுறை கருத்துக்கேட்பு நாள் குறிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிப்போனது. மூன்றாவது முறை நாள் குறிப்பவர்கள், கழியில் நீர் வற்றாத நேரமாகப் பார்த்துக் குறிக்கட்டும். அப்போதுதான் நண்டுக்குப் போகிறவர்களும் வந்து பேச முடியும்.