ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே

எங்கள் பெங்களூரில் ரிசப்ஷன் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடும். கன்னடக்காரர்கள் ஆரத்தக்ஷதை என்பார்கள். தாலி ஏறுவது மறுநாள் காலையில்தான். இன்னும் கல்யாணமே ஆகாத பிள்ளையையும் பெண்ணையும் ஜோடியாக நிற்கவைத்து வாழ்த்துவது எங்கள் பாட்டிக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். அதனால்தானே நடுவில் ஒரு ராத்திரி கிடைத்தது! விருந்தாளிகள் போய், புரோகிதர் வருவதற்கு முன்னால், வீட்டாரும் தெருவாரும் மட்டும் விழித்துக் கிடந்த ராத்திரி. அந்த ராத்திரிக்காகத்தான் இப்போது மனசு ஏங்குகிறது.

அக்காவின் கல்யாணம் 1992 தை மாதம். அதற்கு முந்தைய மாதத்தை பெங்களூர்த் தமிழர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும் நகரத்தில் கலவரம் மூண்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டே போனவர்கள் ஏராளம். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து வர வேண்டிய எங்கள் சொந்தங்கள், "நிலைமை எப்படி இருக்கு, பஸ் ஓடுதா?" என்று கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். மண்டபத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. கல்யாணத்தைத் தள்ளிவைக்க மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை. "வாசல்லயே பந்தல் போடுவோம். வர்றவங்க வரட்டும்" என்றார்.

நாங்கள் இருந்தது அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. 1809ல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடும், அதை ஒட்டிய வேலைகளுக்காகவும் வந்து சேர்ந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய. நடுநடுவே கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிற வீடுகள். ஒரு வீட்டுத் தாளிப்பு வாசனைக்கு இன்னொரு வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். ஆனால் அந்த டிசம்பரில் எங்கள் தெருவிலும் கதவுகள் சீக்கிரமே சாத்திக்கொண்டன. பேச்சு குறைந்தது. யார் முதலில் பேசுவது என்று எல்லோருமே காத்திருந்த மாதிரி இருந்தது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுக் கன்னடத்து ஆன்ட்டி. பத்திரிகை வைக்க அம்மா இன்னும் கிளம்பவேயில்லை. மண்டபம் இல்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு, நேரே எங்கள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். "அக்கா, ரிசப்ஷன் இலைக்கு சிரோட்டி என்னோடது. வெளியே ஆர்டர் கொடுத்துடாதீங்க" என்றார். கர்நாடகக் கல்யாணங்களில் சிரோட்டி என்ற இனிப்பு இல்லாமல் பந்தி எழாது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன்.

பிறகு வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அதிரசம் அம்மாவின் பொறுப்பு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, மாவைச் சில நாள் அப்படியே புளிக்கவிட வேண்டும். வெல்லம் மண்டியாவிலிருந்து வந்தது. காவிரித் தண்ணீரில் விளைந்த கரும்பு. பாகு பதம் பார்க்க அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிக் காட்டும்போது சுற்றி நின்ற பெண்களில் மூன்று மொழிக்காரர்கள் இருந்தார்கள். சிவாஜிநகரில் தையல்கடை வைத்திருந்த பாய், தாம்பூலப் பைகளுக்கு மஞ்சள் துணி வெட்டித் தைத்தார். சிட்டி மார்க்கெட்டில் விடியற்காலை உதிரிப்பூவாக வாங்கி வந்த சம்பங்கியையும் ரோஜாவையும் மரிக்கொழுந்தையும் வாழைநாரில் மாலையாகக் கட்டியவர்கள் எங்கள் அத்தைகள். அண்ணன் தெர்மாகோலில் மணமக்கள் பெயரை வெட்டி ஜிகினா ஒட்டினான். மேடைக்குப் பின்திரை அம்மாவின் கல்யாணப் பட்டுப் புடவை. கொசுவம் கொசுவமாக மடித்து, ஊசி பட்டுவிடாமல் நூலால் கட்டித் தொங்கவிட்டோம்.

ரிசப்ஷன் நன்றாகவே நடந்தது. நாயனம் ஒலித்தது, மொய் நோட்டில் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்கள் ஏறின, பந்தி முடிய பத்து மணி தாண்டிவிட்டது. ஆனால் எனக்கு மேடை அவ்வளவாக நினைவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நினைவிருக்கிறது. மறுநாள் விருந்துக்கு மூட்டைக் கணக்கில் பீன்ஸ், கோஸ், வாழைக்காய். பந்தலிலேயே பாய் விரித்து, ஆளுக்கொரு அரிவாள்மணையோடு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தேங்காய் உடைத்தார்கள், துருவினார்கள். கொல்லையில் செங்கல் அடுப்பு அணையவேயில்லை. தை மாதத்துப் பெங்களூர்க் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி மணையில் சிரோட்டி தேய்க்கும் வித்தையை அங்கேதான் எனக்குக் காட்டினார், காலைப் பந்திக்கும் கொஞ்சம் வேண்டும் என்று. மெல்லிய சப்பாத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே நெய்யும் அரிசிமாவும் குழைத்துத் தடவி, பாயாகச் சுருட்டி, துண்டு போட்டு, மறுபடியும் தேய்த்து எண்ணெயில் விட்டால் ஏடு ஏடாக விரியும். அந்த டிசம்பரைப் பற்றி ஒருவர் மெல்லப் பேச்செடுத்தார். இன்னொருவர் தொடர்ந்தார். ஒரு மாதமாகப் பேசாமல் இருந்ததெல்லாம் அந்த ராத்திரி வெளியே வந்தது. கைகளுக்கு வேலை இருந்ததால் வாய் பேச முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் இளையவர்கள், "எளிமையான கல்யாணம்னு சொல்றீங்க" என்கிறார்கள். இல்லை. எளிமைக்கும் பெங்களூரில் நல்ல உதாரணங்கள் உண்டு. 1978ல் எழுத்தாளர் சுதா மூர்த்தியும் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியும் இதே ஊரில் ஒரு வீட்டில், இரண்டு குடும்பங்கள் மட்டும் கூடி, 800 ரூபாய்ச் செலவில் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஆளுக்குப் பாதிப் பாதி. 2023 ஜூனில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அரசியல் பிரமுகர்களை அழைக்காமல், நெருங்கியவர்கள் மட்டும் கூட, மகளின் திருமணத்தைப் பெங்களூரில் நடத்தினார். இரண்டின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வாசலில் நடந்தது சின்னக் கல்யாணம் அல்ல. இடுப்பொடிய வேலை வாங்கிய கல்யாணம். 2020ல் கொரோனாவால் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றபோது கல்யாணங்கள் மறுபடியும் வீட்டுக்கு வந்தன. அப்போதும் என் ஏக்கம் தீரவில்லை. வீடு இருந்தது, வேலைக்கு வந்து உட்காரும் அக்கம்பக்கம் இல்லை.

என் மகளின் ரிசப்ஷன் பெரிய மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு தட்டுக் கணக்கில். வெளித் தின்பண்டம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று மண்டபத்தின் நிபந்தனை, அதனால் அதிரசம் வீட்டோடு நின்றுவிட்டது. மேடைக்கு நீண்ட வரிசை. நெரிசலில் மாட்டி ஒன்பதரைக்கு வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டு அவசரமாகச் சாப்பிட்டுப் போனார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது, எல்லாம் சுத்தம், எல்லாம் நேரப்படி. பெற்ற தாய் எனக்கு மட்டும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. பட்டுப் புடவையில், வந்தவர்களில் ஒருத்தியாக நானும் நின்றேன். பதினோரு மணிக்கு விளக்கணைத்து எங்களை அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. மறுநாள் விடிந்தால் போகப்போகிறவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது, சொல்ல ஒரு சாக்கு இல்லை. அக்காவிடம் அம்மா சொன்னதெல்லாம் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டேதான்.

எதிர்வீட்டு ஆன்ட்டி மகனோடு விஜயநகருக்குக் குடிபோய் வெகுகாலமாகிறது. அம்மா இல்லை. அல்சூர் வீட்டு மனையில் இப்போது அடுக்ககம் நிற்கிறது.

வருகிற தையில் மகனுக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை. சமையல்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: முகூர்த்த நாள் பொரியலுக்கான காய்கறியை நறுக்காமல் எங்கள் அடுக்ககத்தில் இறக்க முடியுமா? "உங்களுக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம்?" என்றார். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு, காலை நாலு மணிக்குள் நறுக்கிய காய் தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிச் சம்மதித்தார். மொட்டைமாடியில் உட்கார்ந்து நறுக்கக் குடியிருப்போர் சங்கத்திலும் அனுமதி வாங்கிவிட்டேன். அரிவாள்மணைகள்தான் வேண்டும். அத்தை வீட்டில் இரண்டு இருக்கின்றன. மேல்மாடிக் கன்னடக் குடும்பம் ஒன்று தருகிறது. மருமகளாக வரப்போகிறவள் போனில், "நானும் வரலாமா ஆன்ட்டி? கல்யாணப் பொண்ணு நறுக்கக் கூடாதுன்னு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.