பிடி அரிசிக் கணக்கு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர் யாராவது உங்களுக்கு நண்பராக இருந்தால், அவரிடம் ‘பிடி அரிசி’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஹார்லிக்ஸ் பாட்டிலோ, மூடி நெளிந்துபோன பிஸ்கட் டின்னோ, பனையோலைப் பெட்டியோ... ஏதோ ஒன்று அவருடைய அம்மாவின் அடுப்படியில் இருந்திருக்கும். அதைச் சொல்லும்போது அவருடைய பேச்சு கொஞ்சம் ஊர்ப்பக்கம் சாயும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோறு பொங்க அரிசியை அளந்து எடுப்பார்கள் இல்லையா? அதைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளித் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். மத்தியானம் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய்க் கோயிலில் கொட்டுவார்கள். (நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். சென்னையில் ‘கோயிலுக்குப் போறோம்’ என்றால், ‘எந்தக் கோயில்?’ என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.)

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பிடியை மூட்டையிலிருந்து எடுப்பதில்லை. ஆறு பேருக்கு என்று அளந்தாகிவிட்ட அரிசியிலிருந்து எடுப்பார்கள். எடுத்ததை மறுபடி நிரப்பவும் மாட்டார்கள். ஆக, அன்றைக்குப் பானையில் ஒரு பிடி குறைவு. அந்தக் குறைவு யாரோ ஒருவருடைய தட்டுக்கு வந்து சேர வேண்டும்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததற்கு பி.காம். படிப்பும் ஒரு காரணம். எல்லாத் தொகையும் எங்காவது ஒரு பக்கம் பற்று வைக்கப்பட்டாக வேண்டும் என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். வரவு எழுதினால் போதாது. யார் கணக்கில் பற்று?

முதலில் வரவைப் பார்த்துவிடுவோம். ஒரு பிடி என்பது சுமார் 40 கிராம். இரண்டு வேளைக்கு 80 கிராம். மாதத்துக்கு 2.4 கிலோ. ஒரு சபையில் 100 குடும்பங்கள் போட்டால் 240 கிலோ! கையில் காசே புழங்காத கிராமங்களில், உபதேசியார் குடும்பம் சாப்பிட்டதும், மிச்சத்தை ஏலம் விட்டுக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இப்படித்தான்.

நாசரேத் பக்கம் என் அம்மாவின் ஊரில், உபதேசியார் வீட்டுச் சோறு ஒரு நாள்கூடப் பதமாக வெந்ததில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். எப்படி வேகும்? ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் ரேஷன், இன்னொரு வீட்டில் விதைநெல்லில் மிஞ்சியது. எல்லாம் ஒரே குவியல். பாதி குழைந்துவிடும், பாதி நறுக்கென்று நிற்கும். ‘ஊர் மொத்தமும் எங்க பானைக்குள்ள சண்டை போடுது’ என்பாராம் உபதேசியாரின் மனைவி.

எனக்கு அந்தக் குவியலைப் பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. அரிசியில் பெயர் எழுத முடியாது. டியூப் லைட்டில் எழுதலாம். எழுத்து போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். மின்விசிறியில் எழுதலாம், பெஞ்சில் எழுதலாம், பளிங்குக் கல்லில் பரம்பரையோடு எழுதலாம். இந்த உபய வியாதிக்கு மதம் கிடையாது. ஆனால், பிடி அரிசியைக் குவியலில் கொட்டிவிட்டால் எது யார் வீட்டு அரிசி என்று கொட்டியவருக்கே தெரியாது. நிருபர் வேலையில் சபைச் சொத்து வழக்கு, சபைத் தேர்தல் தகராறு என்று நிறைய எழுதியிருக்கிறேன். பிடி அரிசிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போய் இதுவரை நான் பார்த்ததில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. காஞ்சி மகா பெரியவர் ‘பிடி அரிசித் திட்டம்’ என்று ஒன்றைச் சொன்னார். தினமும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைக்கச் சொல்லி, அதைக் கோயிலில் சமைத்து ஏழைகளுக்குச் சேர்க்கும் ஏற்பாடு. வடகிழக்கில் மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே பழக்கம் இருக்கிறது. அவர்கள் மொழியில் ‘பூஃபாய் தாம்’. அந்தச் சின்ன மாநிலத்தில் அது இன்று கோடிக்கணக்கில் போகிறது. நம் பாளையங்கோட்டையில் 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்கள் கொடுப்பதே போதும் என்றார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, பிறகு தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவரை அனுப்பியதும் ஏழை ஊர்கள் கொடுத்த சிறு சிறு காணிக்கைகள்தான்.

சரி, பற்றுப் பக்கத்துக்கு வருவோம்.

ஏன் அரிசி? பணமாகவே கேட்டிருக்கலாமே? பணம் ஆண்கள் கையில் இருந்தது. நிலம் ஆண்கள் பெயரில் இருந்தது. ஆடு மாடு விற்றால் காசு ஆண்கள் மடியில். ஒரு பெண் யாரையும் கேட்காமல் கை வைக்கக்கூடிய ஒரே சொத்து அரிசிப் பானை. எழுதப் படிக்கத் தெரியாத, கையில் ஒரு பைசா இல்லாத ஒரு பெண்ணும் ‘இது என் காணிக்கை’ என்று நிமிர்ந்து நடந்து போய்க் கொட்டுவதற்கு வழி செய்தது அந்த ஒரு பிடி. இதை யோசித்துக் கண்டுபிடித்த புண்ணியவதி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால், அதே பெண்தான் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள்.

இப்போது கணக்கு புரிகிறதா? தாத்தாவுக்குக் குறையாது. அப்பாவுக்குக் குறையாது. பிள்ளைகளுக்குக் குறைய அம்மா விடமாட்டாள். எடுத்த அந்த ஒரு பிடி, சுற்றிச் சுற்றி வந்து கடைசித் தட்டில்தான் குறையும். குடும்பத்தின் பெயரில் வரவு, அம்மாவின் வயிற்றில் பற்று.

எங்கள் வீட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது 1990-களின் தொடக்கத்தில். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் ஆறு பேர். ஆச்சி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான். ரேஷன் அரிசியும் கடன் சொல்லி வாங்கிய மளிகையும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதும் அம்மா அந்தப் பிடியை எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டார்.

“வீட்டுக்கே காண மாட்டேங்கு. இதுல கோயிலுக்கு வேற அள்ளி வைக்கணுமாக்கும்?”

அம்மா கையை நிறுத்தவில்லை. “உங்க தட்டுல குறைஞ்சிருக்கா? பிள்ளைங்க தட்டுல குறைஞ்சிருக்கா? பெறகு என்ன?”

அப்பா பதில் பேசவில்லை. அவரும் கணக்கு எழுதுகிறவர்தான். என் தட்டில் குறையவில்லை, பிள்ளைகள் தட்டில் குறையவில்லை, ஆனால் பானையில் குறைகிறது என்றால்? அன்றைக்கு ராத்திரி அவர் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்குப் போகவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கரண்டிச் சோறு, மிச்சமெல்லாம் வடித்த கஞ்சி.

மறுநாள் ராத்திரி குடும்ப ஜெபம். பாட்டு, வேதம், ஜெபம் எல்லாம் வழக்கம்போல முடிந்து எழுந்திருக்கப்போகும்போது அப்பா சொன்னார். “சோத்துப் பானைய நடுவுல கொண்டு வை. இனிமே எல்லாரும் சேர்ந்து உக்காருவோம்.”

ஆச்சிக்கு அது பிடிக்கவே இல்லை. “ஆம்பளைங்க முன்னால உக்காந்து சாப்பிடுறது என்ன பழக்கம்?” என்று முணுமுணுத்தார். அப்பா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் பரிமாறி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறு தட்டிலும் சமமாக வைத்தார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மட்டும், ‘எனக்குக் குறைச்சலா இருக்கு’ என்றான். “ஆமாடே, எல்லாருக்கும் குறைச்சல்தான். அதுக்குப் பேருதான் காணிக்கை” என்றார் அப்பா.

வேதத்தில் சாறிபாத் ஊர் விதவையின் கதை ஒன்று உண்டு. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்குகிறாள். அங்கே வந்து சேர்ந்த எலியா தீர்க்கதரிசி, முதலில் எனக்கு ஒரு சிறிய அடை சுட்டுக் கொண்டு வா என்கிறார். அவளும் கொடுக்கிறாள். பஞ்சம் தீரும்வரை பானையில் மாவு குறையவில்லை என்று கதை முடிகிறது. ஞாயிறு பள்ளியில் எங்கள் டீச்சர் இதை அழகாகச் சொல்வார்.

எங்கள் வீட்டுப் பானை குறைந்தது ஐயா. பல தடவை காலியானது. மில் திறக்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து அப்பா ஒரு உரக்கடையில் கணக்கு எழுதப் போனார். மளிகைக்கடைக் கடனை அடைக்க இரண்டு வருஷம் ஆனது. பிடி அரிசி போட்டதால் ஆண்டவர் பணமாகத் திருப்பிக் கொடுத்தார் என்று யாராவது மேடையில் சாட்சி சொன்னால், நான் என் அம்மாவை நினைத்துக்கொள்வேன். அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. லாபம் எதிர்பார்த்துப் போட்டால் அது காணிக்கை இல்லை, முதலீடு. காமர்ஸ் படிக்காத அவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

ஆனால், எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு அம்மா தனியாகச் சாப்பிட்டதே இல்லை. வேலை கிடைத்து, கடன் தீர்ந்து, தட்டு நிறைய ஆரம்பித்த பிறகும் பானை நடுவில்தான் இருந்தது. இதை அற்புதம் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் காலத்துக் குடும்பங்களைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். நகரத்துச் சபைகளில் பிடி அரிசி கொண்டுவந்தால் வாங்கி வைக்க இடமில்லை. காணிக்கைப் பையோடு சேர்ந்து க்யூ.ஆர். அட்டையும் வந்துவிட்டது. குக்கரில் டம்ளர் கணக்கில் அரிசி போடுகிற வீட்டில் பிடிக்கு எங்கே வேலை?

இருந்தாலும் என் மனைவி ஒரு டப்பா வைத்திருக்கிறாள். மாதக் கடைசியில் அது இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறது. கல்லூரியில் படிக்கிற என் மகள் ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னாள். “கிலோ 60 ரூபாய்னா மாசம் 144 ரூபாய்தாம்மா வருது. ஜிபே பண்ணிட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்த டப்பா?”

“பணம் அனுப்பினா மாசத்துக்கு ஒரு தடவைதான் அவங்க ஞாபகம் வரும். இதுல தினம் ரெண்டு தடவை வருது” என்றாள் மனைவி. சொன்னவள் அத்தோடு விடவில்லை. “இன்னைக்கு ராத்திரி அரிசி நீ போடு. பிடியும் நீயே எடு. நான் மட்டுமே எடுத்துக்கிட்டிருந்தா இது என்னோட டப்பா ஆயிடும்.”

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம், கும்பிடாதவராகவும் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு தர்மம் நடந்துகொண்டுதான் இருக்கும். கோயிலுக்கு, அநாதை இல்லத்துக்கு, ஊரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் சொந்தக்காரப் பையனுக்கு, நேரம் கெட்ட நேரத்தில் வரும் விருந்தாளிக்கு. கொடுப்பது நல்ல குடும்பம் என்று ஊரும் சொல்லும். சந்தோஷம், தொடருங்கள்.

ஒன்றை மட்டும் இன்று ராத்திரி பார்த்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உங்கள் வீட்டில் யார் தட்டு போடுகிறார்கள்? அந்தத் தட்டில் என்ன இருக்கிறது?